முட்டை என்று நான் சொன்ன கல்

அனகாபுத்தூர்
ஞாயிறு, மாலை

அன்பு மகள் ஜீவிதாவுக்கு அப்பா எழுதுவது. மாதாவின் தயவில் நானும் அம்மாவும் சுகம், கால்கரி குளிரில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. போனில் சொன்னால் உளறிவிடுவேன் என்று பயந்து எழுதுகிறேன்.

விஷயம் அந்த அரியலூர்க் கல்தான். எட்டாம் வகுப்பில் ஓடையிலிருந்து நீ எடுத்து வந்தாயே, டைனோசர் முட்டை என்று நான் அடித்துச் சொன்னேனே, அதே கல். வெள்ளத்தின்போது வீட்டுப் பத்திரத்தை விட்டுவிட்டு அதன் பெட்டியோடு மாடி ஏறினேன் என்று அம்மா இன்னும் சொல்லிக் காட்டுகிறாள். மாடியில் குடியிருக்கும் ஜென்சி டீச்சர் பள்ளிக் கண்காட்சிக்கு அதைக் கேட்டாள், பக்கத்தில் வைக்க விவர அட்டையும் என்னையே எழுதச் சொன்னாள். எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன், நிரூபிக்காமல் எப்படி எழுதுவது?

நோட்டில் நடுவே கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்தேன். உருண்டையாக இருக்கிறது, சரி, ஆனால் முட்டை என்றால் மெல்லிய ஓடு வேண்டும், அதில் நுண்ணிய துளைகள் வேண்டும். பூதக்கண்ணாடியில் காலையில் துளையாகத் தெரிவது மாலையில் மணல் உதிர்ந்த குழியாகத் தெரிகிறது. ஒரு சொட்டு வினிகர் விட்டேன், நுரைத்தது, சந்தோஷத்தில் அம்மாவைக் கூப்பிட்டேன். சுண்ணாம்பு இருந்தா எதுல ஊத்தினாலும் பொங்கும் சார், உங்க மொசைக் தரையில ஊத்திப் பாருங்க என்றாள் ஜென்சி. ஊற்றினேன், பொங்கியது. அப்போ இத்தனை வருஷமா நான் முட்டை மேலதான் நடந்துகிட்டிருக்கேனா என்று அம்மா கேட்டாள். கல்லின் உடைந்த மூலையில் வெங்காயம் போல அடுக்கடுக்காக இருக்கிறது. ஏதோ ஒரு துணுக்கைச் சுற்றி மண்ணும் சுண்ணாம்பும் படிந்து இறுகினால் இப்படி உருண்டையாகுமாம், கான்க்ரீஷன் என்கிறாள் ஜென்சி. சில சமயம் நடுவில் உள்ள துணுக்கே நிஜச் சிப்பியாக இருக்குமாம். அப்படியானால் இது வெறும் கல்லா, புதைபடிவமா? ஒன்றும் பிடிபடவில்லை.

கல்லைப் பற்றியே படித்த உன்னைக் கேட்டிருக்கலாம். ஆனால் என் வார்த்தையை நம்பித்தானே அந்தப் படிப்புக்கே போனாய், அதனால்தான் கேட்கப் பயந்தேன். நேற்று பெட்டியில் பஞ்சைத் தூக்கினால் அடியில் ஒரு சீட்டு, உன் கையெழுத்து, நீ கல்லூரியில் சேர்ந்த வருஷத் தேதி. அம்மா, இது முட்டை இல்லை, வெறும் கான்க்ரீஷன், அப்பாவிடம் சொல்லிவிடாதே என்று எழுதியிருக்கிறாய். அம்மாவிடம் காட்டினேன். அது எனக்கு அப்பவே தெரியும், இப்ப அதுக்கென்ன என்று முருங்கைக்கீரை உருவ உட்கார்ந்துவிட்டாள். கோபப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியவில்லை. முதல் வருஷப் பிள்ளை எழுதியதுதானே, அதுவும் தவறாக இருக்கலாமோ என்று மறுபடி பூதக்கண்ணாடியை எடுத்தேன்.

கண்காட்சி அடுத்த மாதம் இருபதாம் தேதி. அட்டையை எழுதாமல் வைத்திருக்கிறேன். காதை மூடிக்கொண்டு வெளியே போ, நேரத்துக்குச் சாப்பிடு. உங்கள் இருவர் மேலும் ஆண்டவர் கை எப்போதும் இருக்கட்டும். பதில் போடும்போது, கல் என்றால் கல் என்றே எழுது. இந்த முறை அம்மாவுக்கு வேண்டாம், எனக்கே எழுது.

உன் அப்பா
சவுரிமுத்து