மிக்சருக்குள் இசக்கி

செவ்வாய்க்கிழமை, இரவு.

படுத்தும் தூக்கம் வரவில்லை. எழுதிவிட்டாவது படுக்கிறேன்.

மதியம் தீவன மில்லில், மாட்டுத் தீவனம் கலக்கும் பெரிய மிக்சரைக் காலி செய்ததும் கரண்ட் போய்விட்டது. அந்த நேரத்தில், துடுப்புகளில் ஒட்டி இறுகிய புண்ணாக்கையும் தவிட்டையும் சுரண்ட இசக்கி உள்ளே இறங்கினான். நான் சாப்பிட்டுத் திரும்பும்போது கரண்ட் வந்துவிட்டது. முதலாளியின் தம்பி சுவிட்ச் பெட்டி அருகே நின்றார்.

"ஏம்மா, மிக்சரைப் போடு. புளியங்குடி லாரி காத்துக்கிட்டு நிக்கி."

"இசக்கி உள்ள இருக்கான் அண்ணாச்சி."

"அவன் அப்பவே வெளிய வந்துட்டான். டீக்கடையில நிக்கான், நானே பாத்தேன்."

அவர் சொன்ன உறுதியில் என் கை சுவிட்ச் வரை போய்விட்டது. ஆனால் அவன் ஏறி வந்ததை நான் பார்க்கவில்லை.

"ஒரு எட்டு பாத்துட்டுப் போடுதேன்" என்று ஏணியில் ஏறி, இருட்டுக்குள் கூப்பிட்டேன்.

"என்னக்கா? இன்னும் ரெண்டு துடுப்புதான் பாக்கி" என்றான் இசக்கி.

கீழே நின்றவருக்கும் கேட்டுவிட்டது. "டீக்கடையில நின்னவனும் இசக்கி மாதிரியே நீலச் சட்டைதான்..." என்றார். மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு ஏணியில் ஏறி வந்தார். அவன் வேலையை முடிக்கும் வரை மூடியைப் பிடித்தபடி நின்றார். லாரி டிரைவர் ஹாரன் அடித்தும் திரும்பவில்லை. பிறகு கை கொடுத்து இசக்கியைத் தூக்கிவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, இந்த வெயில்ல உங்க கை இப்படிச் சில்லுன்னு இருக்கு?" என்று கேட்டு இசக்கி சிரித்தான்.

என் கை சுவிட்ச் வரை போனது அவனுக்கு இன்னும் தெரியாது. நாளை நானாவது சொல்லிவிட வேண்டும்.