பெரிய வரப்பு இருந்த இடம்

மாகறல்,
சனிக்கிழமை இரவு.

அன்பு மகள் ஏஞ்சலுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் அங்கே ஹைதராபாத்தில் வேளைக்குச் சாப்பிட்டு, அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் கண்ணை நோகடித்துக்கொள்ளாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் தினமும் படுக்கிறேன், தூக்கம் வருவது வேறு விஷயம். உன் சிநேகிதி சங்கரி நாளைக் காலையில் அங்கே கிளம்புகிறாள், அவள் பையில் எள்ளுப்பொடியும் இரண்டு நைட்டியும் வைத்திருக்கிறேன், இந்தக் கடிதமும் அதோடுதான் வரும். போனில் சொல்லலாம்தான். சொல்ல ஆரம்பித்தால் நீ அழுவாய், உன் அழுகையைக் கேட்டு நானும் ‘சரி, கழனியை விடமாட்டோம்’ என்பேன், விடிந்தால் மறுபடி இதே முடிவுக்குத்தான் வர வேண்டும். கழனியை நயினார் வீட்டு வர்த்தமானுக்கே பதினைந்து வருஷக் குத்தகைக்கு விடுகிறோம். திங்கட்கிழமை அப்பா கையெழுத்துப் போடுகிறார்.

“விடாதீங்கம்மா, ரெண்டு வருஷத்துல நானே வந்து பாத்துக்கறேன்” என்று நீ கிறிஸ்துமஸுக்கு வந்தபோது சொன்னது எனக்கு மறக்கவில்லை. ஆனால் நடந்ததை உனக்குப் பாதி பாதியாகத்தான் சொல்லியிருக்கிறேன். போன வருஷம் வர்த்தமான் லேசர் வண்டி வாங்கி அவர்கள் நிலத்தையெல்லாம் தட்டுபோல் சமன் செய்தானே, அப்போது நம் வீட்டுக்கே வந்து, “டேனியல் அண்ணா, உங்க துண்டையும் சேத்து ஓட்டிடறேன், காசு ஒண்ணும் வேணாம், ரோட்லேர்ந்து வர்ற பெரிய வரப்ப மட்டும் எடுத்துட்டா வண்டி திரும்ப ஈசியா இருக்கும், உங்க மூலைக்கு மூலை கல்லு நட்டுடலாம்” என்றான். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். முதல் போகம் நன்றாகவே வந்தது, தண்ணீர் ஒரே மட்டமாக நின்றது, களைகூடக் குறைச்சல். அந்த வரப்பு மேல்தான் அறுப்பு மெஷின் நம் கழனிக்கு வரும் என்பது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. எப்படி உறைக்கும், அந்தப் போகத்தில் எல்லாரும் ஒரே வாரத்தில் நட்டிருந்தோம், ரோட்டோரத்து வெளிக்கழனிகளை அறுத்த கையோடு அதன் மேலேயே மெஷின் உள்ளே வந்துவிட்டது. இந்த நவரைப் போகத்துக்குள் நம்மைச் சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் அவனிடம் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள், அவன் விதைக் கம்பெனிக்காக நாள் அதிகம் பிடிக்கிற நெல்லைப் போட்டான். நம் நெல் பழுத்துத் தலை சாய்ந்தபோது சுற்றிலும் அவனுடையது பச்சைப் பசேலென்று நிற்கிறது. மெஷின் ரோட்டோரம் வந்து நின்றது. டிரைவர் அப்பாவைப் பார்த்து, “பறந்தா வர முடியும்? வழிய காட்டு தலைவா” என்றானாம். கையால் அறுக்க ஆள் தேடினோம். எல்லம்மாள் அக்காவின் அறுப்புக் கூட்டம் முழுக்க இப்போது ஒரகடம் கம்பெனிகளுக்கு வேனில் போகிறது. “அருவாளே எங்க கீதுன்னு தெரில கலை” என்று அக்கா சிரித்தார், இருந்தாலும் இரக்கப்பட்டு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரை இழுத்துக்கொண்டு வந்தார். முகூர்த்த சீசனில் பட்டுக்கடையில் பில் போட ஆளில்லை என்று முதலாளி கத்தக் கத்த நானும் லீவு போட்டு இறங்கினேன். கால்வாசி முடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது, விடவேயில்லை. மீதி நெல் கதிரிலேயே முளைவிட்டுப் போனது கண்ணு.

வர்த்தமானைத் திட்டி எழுதப்போகிறேன் என்று நினைக்காதே, திட்ட முடிந்தால் மனசாவது ஆறும். முகம் செத்துப்போய் வந்து நின்றான். “என் பயிர மிதிச்சுக்கினு வாங்கன்னு சொல்ல எனக்கு மட்டும் ஆச இல்லையாக்கா? வெதக் கம்பெனிக்காரன் சாட்டிலைட் வெச்சு மேலேர்ந்து படம் புடிச்சுப் பாக்கறான், பேங்க்குக்காரனும் அதையேதான் பாக்கறான். வாங்கிப்போட்ட மெஷினுங்களுக்குத் தீனி போட்டுக்கினே இருக்கணும், நூறு ஏக்கருக்குக் கொறைஞ்சு ஓட்டுனா வட்டிகூடத் தேறாது” என்றான். வரப்பைத் திரும்பப் போட்டுக்கொடு என்று கேட்டோம். “லோன் பேப்பர்ல ஒரே ப்ளாக்குன்னு இருக்குதுக்கா, ரெண்டா ஒடைச்சா என் கதையும் முடிஞ்சுது” என்றான். பி.ஏ. பொருளாதாரத்தில் மூலதனம் எப்படிப் பெருகுகிறது என்ற கேள்விக்கு, உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் பதில் எழுதியவள் நான். ஆசைப்படுகிறவனிடம் பெருகும் என்றுதான் எழுதியிருப்பேன். ஆசையே இல்லாதவனையும் அது விடாது என்று இப்போதுதான் பார்க்கிறேன். மெஷின் வாங்கியவனுக்குப் பக்கத்துக் கழனி வேண்டும், கழனி வந்தால் இன்னும் பெரிய மெஷின் வேண்டும், நடுவில் அவனாலும் நிற்க முடியாது. கெட்டவனாயிருந்தால் ஒருநாள் மனம் திரும்புவான் என்று ஜெபமாவது பண்ணலாம், இதற்கு என்னவென்று ஜெபம் பண்ணுவது.

அப்பாவை மெஷின் ஷெட்டுக்குக் காவலாக வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான், அப்பாவும் தலையாட்டிவிட்டார். ஆனாலும் சாயங்காலமானால் கழனிக்குப் போய்விடுகிறார். நட்ட கற்களில் ஒன்று மழையில் சேற்றுக்குள் போய்விட்டது, துழாவித் துழாவிப் பார்த்தும் கிடைக்கவில்லை. “நம்ம நெலத்துல நிக்கறனா அவன் நெலத்துல நிக்கறனான்னு ஆண்டவருக்குத்தான் தெரியும்” என்று சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. நீ சம்பளத்தைச் சேர்த்து இதில் போடலாம் என்று கணக்குப் போடாதே, வேலையை விட்டுவிட்டும் வராதே. உங்கள் ஆபீஸில், மேலிருந்து எடுத்த படங்களில் ஒவ்வொரு கழனியையும் சுற்றி நீங்கள் கோடு போடுகிற வேலையை மெஷினே கற்றுக்கொண்டு வருகிறது என்று நீ விளையாட்டாகச் சொன்னாயே, அதை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. வேறு ஏதாவது படித்து வைத்துக்கொள், என்ன படிக்கச் சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாதே. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போ, பாஷை புரியாவிட்டால் பரவாயில்லை, போய் உட்கார்ந்துவிட்டு வா.

உன் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக, உன் கையின் வேலையை ஆசீர்வதிப்பாராக. மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. என்றைக்காவது மாகறல் பக்கத்துப் படம் உன் கம்ப்யூட்டரில் வந்தால் நம் கழனியைத் தேடிக்கொண்டிருக்காதே. உள்ளேயே நின்று தேடுகிற அப்பாவுக்குத் தெரியாதது அவ்வளவு உயரத்திலிருந்து உனக்கு எங்கே தெரியப்போகிறது. முழுசையும் சுற்றி ஒரே கோடாகப் போட்டுவிடு. நடுவில் நீ ஒரு கோடு இழுத்தால் தப்பு என்று சொல்லி உன் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள்.

உன் அம்மா,
கலையரசி