ஒன்பதாவது சிலைட்டின் கழித்தல் குறி

ஐப்பசி 14, திங்கள்

விடியக்காலமையிலயிருந்து மழை. வவுனியா அறை முழுக்க ஈர மணம், உடுப்பு ஒண்டும் காயேல்ல.
செய்ய: விடைத்தாள் மிச்சம் 22, நுளம்புத்திரி, யோகேஸ்வரி கருத்தரங்கில திரையில போடப்போற சிலைட்.
அவளும் நானும் பல்கலைக்கழகத்தில ஒரே பௌதிகத் துறையில தற்காலிக விரிவுரையாளர். நிரந்தர இடம் ஒண்டுதான். வியாழன் கருத்தரங்கு, அதை வைச்சுத்தான் ஆளை எடுப்பினமாம்.
பின்னேரம் கதவடியில வந்து நிண்டாள். "அக்கா, ஒருக்கா பார்த்துத் தாங்கோ. பிழை இருந்தா ஏசுங்கோ."

ஐப்பசி 15, செவ்வாய்

பார்த்தன். நல்ல வேலை. எரிச்சல் வாற அளவுக்கு நல்ல வேலை.
ஒரே ஈய அணுக்கரு. உருண்டை, தட்டை, நீட்டு, மூண்டு உருவமும் கிட்டத்தட்ட ஒரே சக்தியில. நீட்டு உருவம் சுழலேக்க உள்ளுக்கிருக்கிற துகளெல்லாம் ஒரே உடம்பாய் அசையுது. சக்திப் படிகள் மேல போகப் போக அகலுது. எல்லாம் அவளின்ர கணக்கில வந்திட்டுது. என்ர கணக்கில ஒரு வருசமாய் ரெண்டு உருவந்தான்.
ஒன்பதாவது சிலைட்டில பிழை. நீட்டுக்குக் கூட்டல், தட்டைக்குக் கழித்தல் குறி வரவேணும். மாறி அடிச்சிருக்கிறாள். அடிச்சதில வந்த பிழை மட்டுந்தான், கணக்குச் சரி.
போனில அனுப்பினன்: "வடிவாயிருக்கு. ஒண்டும் மாத்தாதையும்."
பிறகு தலை முழுகினன்.

ஐப்பசி 17, வியாழன்

வெளியிலிருந்து வந்த பேராசிரியர் ஒன்பதாவதில நிப்பாட்டினார்.
"பிள்ளை, இது நீட்டோ தட்டையோ?"
"நீட்டு, சேர்."
"அப்ப ஏன் கழித்தல்?"
யோ. திரையைப் பார்த்தாள். பிறகு என்னை. நான் குறிப்பெழுதுற மாதிரிக் குனிஞ்சன். அவள் சிலைட்டை முன்னுக்கும் பின்னுக்கும் தட்டித் தட்டிப் பிழையைத் தேடினாள். பின்வரிசையில ஒருத்தர்: "கொழுந்து எடுக்கிறதுக்குக் கூட்டல் கழித்தல் தேவையில்லைத்தானே." அவளின்ர தாய் தகப்பன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலயிருந்து வன்னியில தர்மபுரத்துக்கு வந்த சனம். எல்லாரும் சிரிச்சவை. நானும். சத்தமாயில்லை. சிரிச்சனான்.
மத்தியானம் பாரை மீன் குழம்பு. ரெண்டு தரம் போட்டுச் சாப்பிட்டன்.
பஸ்ஸடியில நனைஞ்சு கொண்டு நிண்டாள். "அக்கா, உங்கட கண்ணிலயும் படேல்லையோ?"
"இல்லையடி."
நம்பினாள். ஏசியிருந்தால் எனக்கு லேசாயிருந்திருக்கும்.

ஐப்பசி 22, செவ்வாய்

வெயில். உடுப்பு காஞ்சுது. இடம் எனக்கு. வீட்டுக்குச் சொன்னன், அம்மா கோயிலுக்குப் போனா.
பின்னேரம் யோ.வின்ர தாய் போன் எடுத்தா.
"மிஸ், புள்ள அந்தப் பேப்பரெல்லாம் கட்டி மேல போட்டுருச்சு. கார்மென்ட்ஸ் வேலைக்குப் போறேங்குது. நீங்க சொன்னா கேக்கும்."
ஒரு நிமிசம் போதும். கணக்கில பிழையில்லை, உங்கட மகள் என்னைவிடக் கெட்டிக்காரி. இவ்வளவுதான் சொல்ல வேணும்.
"போகட்டும் அம்மா. எல்லாருக்கும் இந்தப் படிப்பு வராது."
"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் மிஸ்."
நன்றி சொல்லிப்போட்டு வைச்சா.