செல்வியின் கைப்பேசியில் கொஞ்சம் இடம்

என் வாலுத் தம்பி குமரா,

நீ எங்களை விட்டுப் போன பிறகு, நீ எழுதிய தொழிற்சாலைப் பேருந்துச் செயலிக்குப் புது உருவம் வந்துவிட்டது. பேருந்து எங்கே நிற்கிறது என்று நீ ஒரே வரியில் சொல்வாய். இப்போது அது வரைபடத்தில் நகர்கிறது. அழகாகத்தான் இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே. செய்தவன் பிரவீன். எல்லைக்கு இந்தப் பக்கம், நம் ஸ்கூடாய் அலுவலகத்தில் உன் பக்கத்து மேசைக்காரன்.

சிக்கல் எல்லைச் சோதனைச் சாவடியில் தொடங்கியது. நம் பக்கத்து வீட்டுச் செல்வி இன்னும் சிங்கப்பூர் வேலைக்குத்தான் போகிறாள், அதே பழைய கைப்பேசியோடு. எல்லை கடக்கக் காட்ட வேண்டிய கியூஆர் குறியீட்டை முன்கூட்டியே திறந்து வைத்துக்கொண்டு, வரிசையில் நின்றபடி, அந்தப் பக்கம் பேருந்து வந்துவிட்டதா என்று உன் செயலியில் பார்ப்பாள். இப்போது பார்த்துவிட்டுத் திரும்பினால் குறியீடு இல்லை. வரைபடத்துக்கு மெமரியில் இடம் போதாமல் கைப்பேசி அதை மூடிவிடுகிறது. மறுபடி கடவுச்சொல். பின்னால் நிற்பவர்கள் சும்மா இருப்பார்களா? அதற்குள் பேருந்து போய்விடுகிறது. இன்னொரு முறை தாமதமானால் வேலை இல்லை என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

“குமரன் இருந்தா இப்படி விட்டிருப்பானா?” என்று செல்வி என்னைக் கேட்டாள். நான் பிரவீனைக் கேட்டேன்.

“மெமரி இப்ப மலிவுதான்கா. குமரன் அண்ணன் மாதிரி கஞ்சத்தனம் பண்ணத் தேவையில்ல லா.”

“செல்வி போன்லயும் மலிவா?”

“எழுத்தப் பெருசாக்குங்கன்னு ஆளுங்க கேட்டப்போ அண்ணன் மெமரியதான் செதுக்கிக்கிட்டு இருந்தாரு. நீங்களே திட்டுனீங்க” என்றான்.

திட்டினேன்தான். எல்லா இடத்திலும் அத்தனை சிக்கனம் தேவையா, குமரா? அலுவலகத்துப் பெரிய கணினிகளுக்காக நீ தூக்கம் கெட்டது வீண் என்றே இன்னும் நினைக்கிறேன். ஆனால் செல்வியின் கைப்பேசியில் நாம் விருந்தாளி. விருந்தாளி வீட்டுக்காரியின் சாமானைத் தூக்கி வெளியே வைக்கலாமா?

விரிசல் விழுந்த உன் பழைய கைப்பேசியைப் பிரவீனிடம் கொடுத்தேன். நீ செய்து பார்ப்பதையே செய்யச் சொன்னேன்: குறியீட்டைத் திற, செயலிக்குப் போ, திரும்பி வா. “திரும்பி வந்தா வச்சது வச்ச இடத்துல இருக்கணும்கா” என்பாய். என் பேனாவை எடுத்துப் போய் எங்கோ போடுகிறவன் பேசுகிற பேச்சு.

திரும்பி வந்தான். குறியீடு இல்லை. மறுபடி போய் வந்தான். இல்லை.

“அலமாக், தப்பாப்போச்சே” என்றான் மெதுவாக.

பிரவீன் மாற்றிவிட்டான்: இப்போது கேட்டால்தான் வரைபடம் வரும். கேட்காதவர்களுக்கு உன் ஒற்றை வரி, பெரிய எழுத்தில். நேற்றுக் காலை செல்வியிடமிருந்து ஒரு சொல் வந்தது: “ஏறிட்டேன்.”

உன் கைப்பேசியை எப்போதும் சார்ஜ் போட்டு வைத்திருப்பேன். பிரவீன் புதிதாக எதைச் செய்தாலும் முதலில் அதில் ஓட்டிக் காட்டச் சொல்வேன். அது வைத்த இடத்திலேயே இருக்கும், சரியா?

பேனாவை இன்னும் தேடிக்கொண்டிருக்கும்
உன் அக்கா,
தம்போய் வீட்டிலிருந்து.