சேர்ந்த சொல்

மலைக்கு அந்தப் பக்கமும் இல்லாமல் இந்தப் பக்கமும் இல்லாமல் போய்விட்ட என் அருமை மச்சானுக்கு,

காய்ச்சலில் நீங்கள் போய் ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. அக்கா சுகம். உங்களைத் திட்டுவதை மட்டும் இன்னும் நிறுத்தவில்லை. நான் அதே குமுளிப் பாதைச் சோதனைச் சவுக்கையில்தான் காவல் நிற்கிறேன்.

திருவிதாங்கூர்த் தோட்டங்களுக்குப் போகிற ஆட்களிடம் கங்காணியின் சீட்டு இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. சீட்டு இல்லாதவர்களைக் காட்டு வழியே கூட்டிப்போய் விடுவது உங்கள் வேலை. ஒரே வீட்டில் சாப்பிட்டோம். இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருப்போமா?

இப்போது கேட்க ஆசையாக இருக்கிறது. கங்காணி முன்பணம் கொடுத்து அழைக்கிறான். உங்களுக்கோ கூலி தர வேண்டும். பிறகு ஏன் சனம் உங்களைத் தேடி வந்தது? முன்பணத்தைத் தொட்டவன் அதை அடைக்கவே வருடக்கணக்கில் உழைக்க வேண்டும், உங்களோடு போனவன் பிடித்த தோட்டத்தில் நிற்கலாம் என்பது இப்போதுதான் புரிகிறது. நாங்கள் காவலை இறுக்கிய போதெல்லாம் உங்கள் கூலி ஏறியிருக்கிறது. அப்படியானால் நான் உங்களைத் தடுத்தேனா, உங்களுக்குச் சோறு போட்டேனா?

இதையெல்லாம் எனக்கு விளங்க வைத்தது ஆண்டிபட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தி. போன வாரம் சவுக்கைக்கே வந்துவிட்டாள்.

"ஐயா, உங்க மச்சான்தான் எங்க வீட்டுக்காரரக் கூட்டிட்டுப் போனாக. சேந்த சொல்லு வரவே இல்ல. சாகும்போது எதுனாச்சும் சொன்னாகளா?"

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவள் சொன்னாள். உங்கள் கூலியைக் கம்பத்து ராவுத்தர் கடையில் கொடுத்து வைப்பார்களாம். புருஷனும் பெண்டாட்டியும் உங்கள் காதில் விழாமல் ஒரு சொல்லைப் பேசிவைப்பார்களாம். தோட்டத்தில் நல்லபடியாகச் சேர்ந்த பிறகே அவன் அதை உங்களிடம் சொல்வான். நீங்கள் திரும்பி வந்து அந்தச் சொல்லை ஒப்பித்தால்தான் ராவுத்தர் கூலியை விடுவார். ஆளை நடுக்காட்டில் விட்டுவிட்டு வந்தால் ஒன்றும் கிடையாது. யார் யோசித்தது மச்சான் இது? நீங்களா?

"இனிமே மறைச்சு என்ன ஐயா. செவலைக் கிடாரின்னு ஒரு பேச்சு. அதச் சொன்னாகளா?"

காய்ச்சலில் நீங்கள் அதைத்தானே பிதற்றிக்கொண்டு கிடந்தீர்கள்! உங்கள் கடைசி ஆசை என்று நினைத்து அக்கா ஒரு செவலைக் கிடாரியை வாங்கிக் கோயிலுக்கே விட்டுவிட்டாள்.

"சொன்னாரு ஆத்தா" என்றேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "சேந்துட்டாரு, உசுரோட இருக்காரு" என்று அழுதாள், சிரித்தாள், மறுபடியும் அழுதாள். அன்றே கம்பத்துக்குப் போய் உங்கள் கூலியை அக்காவிடம் சேர்க்கும்படி ராவுத்தரிடம் சொல்லிவிட்டாள்.

அக்காவுக்கோ கோபம். "சாகையிலகூட எம்பேரச் சொல்லலயே. எவ வீட்டுக் கிடாரியவோ கூப்பிட்டிருக்காக, பாருடா!" திட்டிவிட்டு உள்ளே போய் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது.

அந்தக் காய்ச்சலில் நீங்கள் இன்னொரு சொல்லும் சொன்னீர்கள் மச்சான். பக்கத்தில் நான் மட்டும் இருந்தேன். அதுவும் பிதற்றல் என்றுதான் நினைத்தேன். இப்போது தூக்கம் வரவில்லை. புருஷன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் இன்னொருத்தி எந்த ஊரில் காத்திருக்கிறாள்?

சந்தையில் தண்டோரா போடச் சொல்லலாம். ஆனால் ஆளைக் காணாமல் தவிக்கிறவள் எவளும் அதைத் தன் சொல்லாக எடுத்துக்கொள்வாளே. காட்டில் செத்துக் கிடப்பவனின் பெண்டாட்டிகூட நிம்மதியாக வீடு திரும்பிவிடுவாளே. அதனால் இந்தக் கடிதத்திலும் அதை எழுதவில்லை. அவள் வாயிலிருந்துதான் அது வர வேண்டும்.

சவுக்கைக்கு வருகிற பெண்களிடம் இப்போது சீட்டைக் கேட்பதற்கு முன்னால், "யாரத் தேடி வந்த ஆத்தா?" என்று கேட்கிறேன். அவள் வரும்வரை மறக்க மாட்டேன். உங்களைத் தடுக்கச் சம்பளம் வாங்கியவன்தான். ஆனாலும் உங்கள் வேலையில் மிச்சமிருக்கிற இந்த ஒன்றை நான் முடித்துத் தருவேன்.

ஒரு தரம்கூட உங்களைப் பிடிக்க முடியாமல் போன,
உங்கள் மைத்துனன்.