மூன்றாவது டியூப்

9.2.98, திங்கள்
காலையில் நல்ல பனி. ஆபீசுக்கு அரை நாள் லீவு. நித்யாவின் முழங்கை மடிப்பில் கரப்பான் நீர் வடிந்து, மஞ்சளாகப் பொருக்குத் தட்டிவிட்டது. மூன்று வயசுதான். சொறிந்து சொறிந்து சட்டையெல்லாம் ரத்தப்பொட்டு. தோல் டாக்டர் ஒரு டியூப் எழுதினார். "இதுல கிருமிக்கும் மருந்து இருக்கு, ஸ்டீராய்டும் இருக்கு. மெல்லிசா, ரெண்டு வேளை. ஏழு நாள் ஆச்சுன்னா நிறுத்திடணும்."

வீட்டில் தனி வைத்தியம். இவருடைய அக்கா, பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்திருப்பவர், பட்டியல் போட்டார். கத்திரிக்காய் கூடாது. கருவாடு கூடாது. மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, கூடவே கூடாது. "கரப்பான் ஜாஸ்தியாயிடும் உமா." அண்ணியின் படிப்பு மூன்றாம் வகுப்பு. அவரிடம் என்னத்தைப் பேச.

17.2.98
ஏழு நாள் முடிந்தது. கை பளிச். கத்திரிக்காயை நிறுத்தியதால்தானாம். பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிவிட்டும் வந்துவிட்டார் அண்ணி. தலையில் அடித்துக்கொண்டேன்.

21.2.98
திரும்ப அரிப்பு. புண் இல்லை, சிவப்பு மட்டும். டாக்டரிடம் போனால் டோக்கன், காத்திருப்பு, அரை நாள் காலி. வேங்கிக்கால் ஆபீசில் என் ஆடிட் வேலை நடக்கிறது; லீவு கேட்டால் சூப்பிரண்டு மூஞ்சியைத் தூக்குவார்.

மெடிக்கல்காரன் சீட்டே கேட்கவில்லை. "அதே டியூபுதானே மேடம்? போடுங்க, ஒண்ணும் ஆவாது." வெட்கம் கெட்ட வியாபாரம். வாங்கிக்கொண்டேன்.

அண்ணி கேட்கிறார், "டாக்டரு ஏழு நாள்தானே சொன்னாரு?" எனக்கு எண்ணச் சொல்லித் தருகிறார்.

26.3.98
வாங்க: ஜவ்வரிசி, மண்ணெண்ணெய், இவருக்குப் பனியன்.

ஆபீசில் சரோஜா கலர் வருவதற்காக இந்த மாதிரி களிம்பைத்தான் முகத்தில் பூசுகிறாளாம். கன்னமெல்லாம் பரு, உதட்டுக்கு மேல் முடி. "பார்லர்ல சொன்னாங்கடி" என்கிறாள். டிகிரி படித்த கழுதை. நான் போடுவது குழந்தையின் வியாதிக்கு. அது வேறு. நிறுத்தினால் இரண்டே நாளில் சிவக்கிறது, போட்டால் அடங்கிவிடுகிறது. இன்று மூன்றாவது டியூப் பிரித்தேன்.

சாயந்திரம் வந்து தேடினால் டியூபைக் காணோம். அண்ணி பரணில் ஒளித்து வைத்திருக்கிறார். "கை வெளுத்தாப்ல இருக்குது, வேணாம் உமா."

"நீங்க கத்திரிக்காயப் பாருங்க அண்ணி, இத நான் பாத்துக்கறேன்" என்று டியூபை எடுத்துத் தடவினேன். சாப்பிடாமல் படுத்துவிட்டார். படுக்கட்டும்.

14.5.98
அக்னி வெயில். குளிப்பாட்டும்போது பார்த்தேன். முழங்கை மடிப்பில் சிவப்புச் சிவப்பாகக் கோடுகள். தோல் வெங்காயச் சருகு மாதிரி, அடியில் நரம்பு நீலமாகத் தெரிகிறது. லீவு சொல்லிவிட்டு டாக்டரிடம் ஓடினேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அண்ணியும் வந்தார்.

டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எத்தினி நாள் போட்டீங்க? யாரு போட்டது?"

என் கைப்பையை ஒரு தரம் பார்த்தார், அண்ணியின் செருப்பில்லாத காலை ஒரு தரம். முடிவுக்கு வந்துவிட்டார், அண்ணியிடம் திரும்பினார். "ஏம்மா, ஏழு நாள்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே. உங்க கையில குடுத்தா இப்படித்தான். நரம்பு தெரியறது கொஞ்சம் கொஞ்சமா சரியாவும். கோடு போவாது."

அண்ணி என்னைப் பார்த்தார். பிறகு அவரிடம், "தெரியாம போட்டுட்டேன் டாக்டர்" என்றார்.

நான் வாய் திறக்கவில்லை. திறக்க நேரம் இருந்தது. விசிறி சுற்றும் சத்தம் கேட்கிற அளவுக்கு நேரம் இருந்தது.

டாக்டர் சீட்டில் எழுதினார், அத்தை மூன்று மாதமாகத் தடவியிருக்கிறார் என்று. அடுத்தவர் எழுதும் குறிப்பில் தப்புக் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். சீட்டை வாங்கி, படித்துப் பார்த்து, மடித்து, குழந்தையின் ஃபைலில் வைத்தேன்.