'எண்ணெய்க்குப் பிறகு' என்ற அத்தியாயம்

புருணை, செவ்வாய்க்கிழமை

அன்பு மகளே,

படிப்பு முடிந்ததும் ஆஸ்திரேலியாவில், பெர்த்திலேயே வேலையில் சேரட்டுமா, ஊருக்கு வரட்டுமா, வெள்ளிக்குள் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய். சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய். எங்கள் அரசு அலுவலக ஆண்டறிக்கையில் 'எண்ணெய்க்குப் பிறகு' என்ற அத்தியாயத்தைப் பதினெட்டு வருடமாக எழுதுகிறவன் உன் அப்பன்தான். எழுதுவது என்றால், வருடத்தை மட்டும் மாற்றுவது.

இந்த முறை புத்தி கெட்டுப்போய், நாட்டின் எண்ணெய் வளம் குறைகிறது, படித்த பிள்ளைகளுக்கு வேலை இல்லை என்று உள்ளதை எழுதிவிட்டேன். மேலதிகாரி பெங்கிரான் ஜைதி கோபப்படவில்லை. நம் ஊரில் யார் கோபப்படுகிறார்கள்? எனக்குத் தேநீர் வரவழைத்தார்.

"ஹாஜி, சுல்தான் பிறந்தநாளுக்கு ஊரே விளக்கு போட்டிருக்கு. இப்போ போய் 'குறையுது'ன்னு எழுதலாமா? 'மெல்ல நிலைபெறுகிறது'ன்னு போட்டுடுங்களேன்."

"நிலைபெறலையே, பெங்கிரான்."

"அதனாலதான் 'மெல்ல'."

போட்டுவிட்டேன். எனக்கு ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம் இருக்கிறது.

உன்னோடு பொறியியல் படித்த அடுத்த வீட்டு வாஃபி, சாலையோரத்தில் நாசி கத்தோக் பொட்டலம் விற்கிறான். சோறும் கோழியும் நன்றாகத்தான் இருக்கின்றன. "மாமா, உங்க அறிக்கையில நான் எந்தப் பக்கத்துல வர்றேன்?" என்றான். இன்னொரு பொட்டலம் வாங்கிக்கொண்டேன்.

வராதே, மகளே. அங்கேயே சேர்ந்துவிடு.

இதை உன் அம்மாவிடம் நான்தான் சொல்ல வேண்டும். நீ வருவதாகவே நினைத்து, உனக்குப் பிடித்த அம்புயாத் கூழ் கிண்டச் சவ்வரிசி மாவு வாங்கக் கிளம்பினாள். வழியில் சொல்லிவிடலாம் என்றுதான் கூடப் போனேன். ஐந்து கிலோ போதுமா என்று கேட்டாள். பத்தாக வாங்கச் சொல்லிவிட்டு, மூட்டையை நானே தூக்கி வந்தேன்.

உன் அப்பா